அடையாறில் ஓர் அயல்நாடு

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் முதலில் வெளிநாட்டில் குடியமர்ந்துவிட்டு, அதன் பிறகே வெளிநாட்டுக்குப் புறப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தபோது, அதில் குற்றம் காண யாராலும் முடியவில்லை. அவ்வளவு யோசித்துப் போட்ட ஆணை. உதவித்தொகை கொடுத்து அனுப்பிவைத்த பிள்ளைகளில் சிலர், அங்கே பேசுவதற்கு ஆளில்லை, ரசம் ரசமாக வரவில்லை என்று ஒரு மாதத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். 'குடியமரத் தெரியாதவர்களைக் குடியமர அனுப்பியது எங்ஙனம்?' என்று தணிக்கைக்காரர்கள் கேட்டார்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. ஒரு வாரியம் அமைத்தார்கள்.

அயல்நகர் நிலைகொள்ளல் வாரியம் தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு புடவைக் கடையின் தலைக்கு மேல் நடந்துவந்தது. அதன் துணை இயக்குநர் ராம்குமார். வெளிநாட்டு அனுபவம் உள்ள ஒரே அதிகாரி என்பதால் அவரை அங்கே போட்டிருந்தார்கள். ஒருமுறை ஆய்வுப் பயணம் புறப்பட்டவர், துபாய் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது, பயணம் ரத்து என்று சேதி வந்து அப்படியே திரும்பிவிட்டார். அந்த அரை நாள் அனுபவத்தை வைத்துத்தான் வாரியத்தின் பாடத்திட்டம் முழுவதையும் எழுதினார்.

இந்த ராம்குமார் முன்னால் ஒரு சித்திரை மாத வெயிலில் தேவானையும் அவள் மகள் கயலும் போய் நின்றார்கள். தேவானைக்குச் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை. புருஷன் அசோகன் பெயிண்டர். வீடும் சைதாப்பேட்டையிலேயே, அடையாற்றங்கரையில். கயல் கிண்டியில் பொறியியல் படித்து முடித்து, மேல்படிப்புக்கு மான்செஸ்டரில் இடம் வாங்கியிருந்தாள். அவர்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் மீனம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் படிக்கப் போனதில்லை. அவள் போவதும் போகாததும் இப்போது வாரியத்தின் சான்றிதழில் இருந்தது.

ராம்குமார் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார். அவர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் வேண்டியவர் வேண்டாதவர் என்று ஆகிவிடும் என்பது அவர் கொள்கை.

"பொண்ணு மான்செஸ்டர்ல நிலைகொண்டாச்சா?"

"இன்னும் போவவே இல்லியே சார்," என்றாள் தேவானை.

"போனாங்களான்னு கேக்கலை. நிலைகொண்டாங்களான்னு கேக்கறேன்."

"போவாம எப்டி சார் நிலைகொள்றது?"

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் வாரியம் இருக்கு. அடையாறுல மாதிரி அயல்நகர் வெச்சிருக்கோம். அங்க போய்த் தங்கணும். திடீர்னு ஒரு நாள் நான் ஆய்வுக்கு வருவேன். பொண்ணு அங்க யாரையும் தெரியாம, யாருக்கும் தெரியாம, நல்லபடியா இருக்கறதைப் பாத்தா சான்றிதழ். யாரோடயாவது பழகினது தெரிஞ்சா, நிலைகொள்ளலைன்னு அர்த்தம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் அந்தப் பல்கலைக்கழகம் காத்திருக்காது. கயல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதிரி அயல்நகரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். முதலில் கொட்டிவாக்கத்தில் கடலோரமாக ஒரு வெளிநாட்டைப் புதிதாகவே கட்டிவிடலாம் என்றுதான் திட்டம். நிதி வரவில்லை. அதற்குள் அடையாறில் ஓர் அடுக்கக வீட்டில் தேவையான வசதிகள் அத்தனையும் ஏற்கெனவே இருப்பதைக் கள ஆய்வு கண்டுபிடித்தது. நான்கு மாடி. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. வெளியே காலடிச் சத்தம் கேட்டால், அது போய் ஓயும்வரை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றுவிட்டுப் பிறகே வெளியே வருவார்கள். கார் நிறுத்துவது பற்றிச் சண்டை போடும்போதுகூடப் பெயர் கேட்காமல் வண்டி எண்ணைச் சொல்லியே திட்டிக்கொள்வார்கள். இவ்வளவும் அரசுக்கு ஒரு பைசா செலவில்லாமல்! முதல் மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வாரியம் அங்கே மான்செஸ்டரைத் திறந்துவிட்டது.

அயல்நகரில் குளிராடை கட்டாயம். தேவானையும் கயலும் ரங்கநாதன் தெருவில் ஸ்வெட்டர் தேடிப் போனார்கள். அந்த வெயிலில் கடை வாசலில் கம்பளிக் கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் தொங்கின. "மே மாசம்தாம்மா எங்களுக்கு சீசனே," என்றான் கடைக்காரன். "வாரியம் வந்ததுலேர்ந்து ஊட்டிக்காரன்கூட இங்க வந்துதான் எடுக்கறான்." இதைப் பார்த்துவிட்டுப் படிக்கப் போகாத பையன்களும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்டு பாண்டி பஜாரில் வேர்க்க வேர்க்க நடக்க ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாடு போகப்போகிறவன் மாதிரி இருக்கிறதாம்.

கயல் குடியேறினாள். ஏசியைப் பதினாறில் வைத்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வேகவைத்த பாஸ்தாவைத் தின்றாள். கடிகாரம் அந்த ஊர்க் கடிகாரம். நமக்குக் காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகுதான் அவளுக்கு விடியும். லிஃப்டில் யாராவது ஏறினால் முகத்தைப் பார்க்கக் கூடாது, மாடி எண் மின்னுவதைத்தான் பார்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாவிட்டால் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசலாம். அக்கினி நட்சத்திரத்தில், கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பெண் லிஃப்டில் நின்றுகொண்டு, "இன்னிக்குக் கொஞ்சம் குளிர் அதிகம்," என்று சுவரிடம் சொல்வாள். அந்த அடுக்ககத்தில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே.

சைதாப்பேட்டையிலிருந்து அடையாறு எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறி முந்தானையில் முடிந்த சில்லறையை அவிழ்ப்பதற்குள் இறங்க வேண்டியதுதான். ஆனால் தாய்மார்கள் அயல்நகருக்குள் வரக் கூடாது, வீடியோவில் மட்டுமே பேசலாம் என்பது விதி. ஆகவே தேவானை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று போன் போடுவாள். கயல் முதல் மாடி பால்கனியில் நின்று எடுப்பாள்.

"துன்னியா கண்ணு?"

"துன்னேம்மா. ஏன் கத்தற, போன் இல்லாமயே கேக்குது."

"எளச்சிட்டியே."

"போன்ல அப்டித் தெரியும்மா."

"போன்ல இல்ல, நேராத்தான் பாக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கயல் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததும் தேவானைக்குக் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புளியைக் கரைத்தாள்.

மணத்தக்காளி வத்தல் போட்டு ஒரு குழம்பு. மகளுக்கு உயிர். எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியை அழுத்தி, மறுநாள் காலையில் கொண்டுபோய் வாட்ச்மேன் காதரிடம் கொடுத்தாள். தாய் வரக் கூடாது என்றுதான் விதி, குழம்பு வரக் கூடாது என்று எங்கும் இல்லை. காதர் மாடியேறி மணி அடித்தார். உள்ளே அது அயல்நாட்டு இரவு. கயல் தூக்கத்தில் இருந்தாள். குழம்பு கெட்டுப்போகுமே, எதிர்வீட்டிலாவது எடுத்து வைப்பார்கள் என்ற நல்ல எண்ணத்தில் காதர் தூக்கை எதிர்வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, அந்த வீட்டு மணியையும் ஒரு அழுத்து அழுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

அந்த எதிர்வீட்டில் ஜோதிலட்சுமி மாமி இருந்தாள். மயிலாப்பூரிலிருந்து அங்கே வந்து பல வருஷமாகியும் யார் வீட்டு வாசலையும் மிதிக்காதவள். கதவைத் திறந்தால் ஒரு தூக்கு. மூடியில், கடையில் வாங்கும்போதே வெட்டிக்கொடுத்த எழுத்தில், 'அ. தேவானை' என்று பெயர். யாரோ தேவானை, இந்தக் கட்டடத்துக்காரி, அன்பாகக் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று மாமி நினைத்தாள். பூண்டு இருக்கிறதா என்று மோந்து பார்த்தாள். இருந்தது. இருந்தாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். மாமா ஆபீசிலிருந்து வரும்போது குழம்பு தீர்ந்திருந்தது.

இங்கேதான் வாரியம் கணக்கில் எடுக்காத ஒரு சங்கதி குறுக்கிட்டது. நம் ஊரில் எந்த ஜாதி மதத்து வீட்டிலும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். மாமி தேங்காய் பர்பி கிளறித் தூக்கில் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய், அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக ஒரு அயல் வீட்டு மணியை அடித்தாள்.

"தேவானைன்னு இங்க யாராவது இருக்காளா?"

"இல்லீங்களே ஆன்ட்டி," என்றாள் கதவைத் திறந்த மஹ்விஷ். "மேல கேட்டுப் பாக்கறேன், குடுங்க."

மேலே கேட்பதற்குள் மஹ்விஷின் பிள்ளைகள் பர்பியைத் தீர்த்துவிட்டார்கள். இப்போது அவளும் வெறும் தூக்கோடு போக முடியாது. சேமியாப் பாயசம் ஊற்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். அங்கேயும் தேவானை இல்லை. பாயசம் மட்டும் அங்கே தங்கிவிட்டது. மூன்றாம் மாடியிலிருந்து தூக்கு சுண்டலோடு நான்காம் மாடிக்கு ஏறியது. அங்கிருந்து முறுக்கோடு இறங்கியது. அந்த வாரம் முழுவதும் அந்தக் கட்டடத்தில் எல்லாரும், சுவரோடு பேசும் பெண்ணின் வீட்டை மட்டும் விட்டுவிட்டு, எல்லார் வீட்டு மணியையும் அடித்து தேவானையைத் தேடினார்கள். வாட்ச்மேனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, தேவானையும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக யாருக்கு சர்க்கரை, யார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யாருக்கு முட்டிவலி என்பதெல்லாம் கிடைத்தன.

கடைசியில் மஹ்விஷே எலுமிச்சை சாதத்தோடு முதல் மாடி மான்செஸ்டரின் மணியை அடித்தாள். ஸ்வெட்டரோடு கதவைத் திறந்த கயல், மூடியில் இருந்த பெயரைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"இது எங்க அம்மா பேருக்கா," என்றாள்.

விஷயம் கட்டடம் முழுவதும் பரவியது. தேவானையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லாரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜோதிலட்சுமி மாமி போன் செய்தாள். "விதியாவது ஒண்ணாவது, நீங்க எங்காத்துக்குன்னா வரேள். அது அயல்நாடு இல்லையே!" தேவானை துவைத்து மடித்த புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். மாமி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு தட்டு. தான் கருவாடு விற்கிறவள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. மாமி கேட்கவில்லை.

இரண்டாம் தட்டு நிறையும்போது காதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வாரியத்து சாரு வந்துக்கினு கீறாரு! லிஃப்ட்ல ஏறிட்டாரு!"

கலைந்து ஓட நேரமில்லை. கயல் சுருக்கமாகச் சொன்னாள்: "யாருக்காவது என்னத் தெரியும்னு தெரிஞ்சா நான் போவ முடியாது."

அடுத்த நொடி ராம்குமார் திறந்திருந்த கதவுக்குள் நின்றார். கையில், அலுவலகக் கணினியின் குட்டியாக ஒரு டேப்.

"இது என்ன கூட்டம்?"

"கூட்டமா?" என்றாள் மாமி. "நான் யாரையும் பாக்கலையே. இது எங்காம். இவாள்லாம் எப்ப உள்ள வந்தான்னே தெரியலை."

"நீங்க யாரு?" என்று ராம்குமார் மஹ்விஷைக் கேட்டார்.

"எனக்கு யாரையும் தெரியாதுங்க. கயலுக்குப் பாயசத்துல முந்திரி போட்டா புடிக்காது. அது மட்டுந்தான் தெரியும்."

"கயல் யாரு?"

"அதான் தெரியாதுன்னு சொல்றேனே."

ராம்குமார் டேப்பில் குறித்துக்கொண்டார். இத்தனை பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒரே முறுக்கைத் தின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பது துபாயில்கூட அவர் காணாதது. ஆளாளுக்குத் தெரியாது என்று சொல்லிக் கையெழுத்திட்டார்கள். கடைசியில் அவர் விரல் தேவானையைக் காட்டியது. அலுவலகத்தில் அவர் முன்னால் மணிக்கணக்காக நின்றவள்தான். கொள்கை காரணமாக அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்க எந்த வீடு?"

"இந்த ஊருதான் சார்."

"இந்தப் பொண்ணைத் தெரியுமா?"

கயல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மார்க்கெட்டில் அவள் வாய் பிரசித்தம். எடையில் ஏமாற்ற வருகிறவனை ஏழு தலைமுறைக்கு இழுப்பாள். அந்த வாயால் தேவானைக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. பிறகு மகளின் ஸ்வெட்டரைப் பார்த்தாள், சொன்னாள்.

"தெரியாது சார்."

"பாத்ததே இல்லையா?"

"பாத்ததே இல்ல."

"பேரு?"

"இன்னா பேரோ. யாரு பெத்த பொண்ணோ."

ராம்குமார் டேப்பில் ஒரு நட்சத்திரம் போட்டார். "இதுதாம்மா தரம்," என்றார். "இப்படி ஒரு அந்நியத்தை நான் எதிர்பாக்கவே இல்லை." தேவானை கையெழுத்துப் போட்டாள். கயலுக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆவணி மாதம் அவள் பறந்து போனாள். விமான நிலையத்துக்கு அந்த அடுக்ககமே வேன் பிடித்து வந்து அழுதது. மாமி கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி பெட்டியின் எடையை மீறிவிட்டதால், கம்பளிக் கோட்டை எடுத்துவிட்டுப் பொடியை வைத்தார்கள்.

அதன் பிறகு ஆற்றங்கரை வீடுகளின் முறை வந்தது. அந்தச் சுவர்களில் அதிகாரிகள் எப்போதோ சிவப்பு எண்கள் போட்டுவைத்திருந்தார்கள். அசோகனுக்கு வீடு போவதைவிட அந்த எழுத்துதான் ஆத்திரம். "பிரஷ்ஷு புடிக்கத் தெரியாதவன் போட்டுக்கீறான் பாரு, மூணு வழிஞ்சு எட்டாயிட்சு," என்பான். ஒரு காலையில் லாரி வந்தது. நகரத்துக்கு வெளியே, பஸ்ஸே களைத்துப்போய் நிற்கிற இடத்தில், எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக இருந்தன. குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கினார்கள். பாரபட்சமில்லாத முறை என்பதால் ஒரே தெருக்காரர் இருவர் ஒரே மாடியில் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். தேவானைக்கு ஏழாவது மாடி. பக்கத்து வீடு பூட்டியே இருப்பது போல இருக்கும். உள்ளே மட்டும் டிவி ஓடும்.

சில வாரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ராம்குமார், டேப்போடு.

"வணக்கம். அடையாறு மாதிரி நகரம் தரம் கெட்டுப்போச்சு. மொட்டை மாடியில கூட்டாஞ்சோறு சாப்பிடறாங்களாம். புது இடம் தேடிட்டு இருக்கோம். பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?"

"தெரியாது சார்."

"எதிர் வீடு?"

"தெரியாது."

"உடம்புக்கு முடியலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

தேவானை யோசித்துப் பார்த்தாள். "யாரையும் தெரியாது சார்," என்றாள். இந்த முறை அவள் சொன்னது பொய்யில்லை.

ராம்குமாரின் முகம் மலர்ந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் திரும்பும்போது தேவானை கேட்டாள்.

"உங்க பக்கத்து வூட்ல யாரு சார் கீறாங்க?"

முதல்முறையாக அவர் டேப்பிலிருந்து கண்ணை எடுத்து ஒரு மனுஷியை நிமிர்ந்து பார்த்தார்.

"அது கேள்வித்தாள்ல இல்லம்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தேவானைக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே புளியைக் கரைத்தாள். மணத்தக்காளிக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினாள். டிவி நின்றது. கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பாதி முகம் தெரிந்தது.

"நான் பக்கத்து வூடு. தேவானை."

"ஐயோ, பேரச் சொல்லாதக்கா!" என்றது பாதி முகம். "இப்பதான் யாரையும் தெரியாதுன்னு அந்த சாருக்குக் கையெழுத்து போட்டேன். எம் பொண்ணுக்கு வெளிநாட்டுல படிக்க எடம் கெடச்சிக்கீது. நான் உன்னப் பாக்கல. நீயும் என்னப் பாக்கல. கோச்சுக்காதக்கா."

தேவானை எப்படிக் கோபித்துக்கொள்வாள்? பெற்ற மகளையே தெரியாது என்றவள் அவள். தூக்கை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அது அவள் வீட்டுக் கம்பிக் கதவில் மாட்டியிருந்தது. பளபளவென்று துலக்கியிருந்தார்கள். திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கவிழ்த்தும் பார்த்தாள். அந்தத் தூக்கு வாங்கிய நாளிலிருந்து அவளிடம் வெறுமனே திரும்பி வந்ததில்லை.

அந்த நேரம் போன் அடித்தது. கயல்.

"அம்மா, இங்க பக்கத்து வீட்டுக்காரம்மா கேக் செஞ்சு ஒரு தட்டுல வெச்சுக் குடுத்தாங்கம்மா. அவங்களே மணி அடிச்சு, பேரு கேட்டு, உள்ள வந்து உக்காந்து பேசினாங்க. எனக்கு பயமாப் போச்சு, வாரியத்துல இதெல்லாம் சொல்லியே குடுக்கல. இப்ப தட்ட திருப்பிக் குடுக்கணும். வீட்டுல ஒண்ணும் இல்ல. வெறுந்தட்டாவே குடுத்துடவா?"

"அடிப்பாவி!" என்று பதறினாள் தேவானை, காலித் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு. "ஒரு புடி சக்கரையாச்சும் போட்டுக் குடு கண்ணு. வெறுந்தட்டு குடுத்தா நம்ம ஊர் ஜனத்தப் பத்தி இன்னா நெனப்பாங்க?"